பழைய செங்கல் சுவரில் மரக்கட்டையை அசையாமல் நிறுத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ராயபுரத்தில் தாத்தா காலத்து வீடு. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றரை அடிச் சந்து. அதற்கு மரக்கதவு போடுவதற்காக, வீட்டுச் சுவரை ஒட்டி நாலுக்கு மூன்று இன்ச் கட்டை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். வேலை செய்தவர் சுவரில் ஓட்டை போட்டு, மரத்தக்கை அடித்து, நாலு நீள ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்றே மாதத்தில் கட்டை மேல்பக்கம் சுவரை விட்டு விலகிவிட்டது, கதவு தரையில் உரசுகிறது. "இதைவிடப் பெரிய ஸ்க்ரூ போட்டால் நிற்குமா?" என்று தம்பி கேட்கிறார்.

நிற்காது தம்பி. ஸ்க்ரூ பெரிதானால் ஓட்டையும் பெரிதாகும், சுவர் இன்னும் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். 12 எம்.எம். இரும்பு ராடு ஒன்றே கிட்டத்தட்ட இரண்டு டன் இழுப்பைத் தாங்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் பழைய செங்கல் தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் முதலில் உங்கள் சுவர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எந்த போல்ட் என்பது அதற்குப் பிறகு தானாக முடிவாகும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவைதான். ராயபுரம் ரயில் நிலையம் திறந்த 1856-ல் கொத்தனார் கையில் சிமெண்ட் கிடையாது. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க நடந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்றே 1904-ல், நம் சென்னையில்தான். கடல் சிப்பியை வைத்துச் செய்து பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. சிமெண்ட் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர அதற்குப் பிறகும் பல காலம் ஆனது. உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மூலையில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து, இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் கலவையை ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் கொட்டினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து ஆணியே வழுக்கினால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மோசமான சுவர் இல்லை, நூறு வருடம் மாடியைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அது மேலிருந்து அமுக்கும் பாரத்தைத் தாங்கப் பிறந்தது. ஒரு செங்கலை மட்டும் பிடித்து வெளியே இழுத்தால் அந்தக் கலவை விட்டுக்கொடுத்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தவன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த மறுநாள், காசிமேட்டில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் கதவுக்கான கட்டையை இரண்டு வருடம் முன்பு நிறுத்திக் கொடுத்ததே நான்தான். சுத்தியலால் அடித்து இறுக்கினால் உள்ளே விரிந்து பிடிக்குமே, அந்த ஃபாஸ்ட்னர் போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் கட்டை வாசலில் கிடக்கிறது. கட்டை உடையவில்லை, போல்ட் வளையவில்லை. மேல் போல்ட்டின் நுனியில் முழுச் செங்கல் ஒன்று அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் தூக்கினால் நாலு பக்கமும் சுண்ணாம்புத் தூள் மாவு மாதிரி கொட்டியது. போல்ட்டுக்கும் செங்கலுக்கும் இடையில் பிடி விடவே இல்லை. செங்கலுக்கும் சுவருக்கும் இடையில்தான் விட்டிருந்தது. நான் செய்த தவறு, போல்ட்டைச் சுவரின் உச்சியிலிருந்து இரண்டாவது வரிசையில் போட்டது. மேலே அமுக்கிப் பிடிக்கப் பாரம் இல்லாத செங்கலை எது இழுத்தாலும் வந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் கதவு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கதவு 30 கிலோ, அகலம் 3 அடி, இரண்டு கீலுக்கும் நடுவில் 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் பாரம் நடுவில், அதாவது கீலிலிருந்து ஒன்றரை அடியில் இறங்குகிறது. கணக்குப் போட்டால் மேல் கீல் கட்டையைச் சுவரிலிருந்து வெளியே 15 கிலோ அளவுக்கு இழுக்கிறது, கீழ் கீல் அதே அளவுக்குச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. உங்கள் கட்டை ஏன் மேல்பக்கம் மட்டும் விலகியது என்பதற்குக் காரணம் இதுதான். 30 கிலோ எடையுள்ள ஒரு பையன் கதவின் ஓரத்தில் ஏறி ஊஞ்சல் ஆடினால் இழுப்பு 45 கிலோ ஆகிவிடும். கீல்களுக்கு நடுவில் 3 அடி விடாமல் ஒன்றரை அடியிலேயே அடித்திருந்தால் இது இரண்டு மடங்கு. அதனால் முதல் வேலையாகக் கீல்களை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

15 கிலோ பெரிய விஷயமே இல்லையே, பிறகு ஏன் மூன்று மாதத்தில் கழன்றது என்று தோன்றும். தினம் இருபது முறை "படார்" என்று மூடும் அதிர்ச்சிதான் காரணம். அதோடு மரத்தக்கை காய்ந்து சுருங்கும். மழையில் ஊறும், வெயிலில் மறுபடி சுருங்கும், ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆகிவிடும். கதவு திறக்கும்போது இழுப்பின் திசையும் மாறுகிறது. மூடியிருக்கும்போது சுவரிலிருந்து வெளியே இழுத்தது, திறந்தபிறகு பக்கவாட்டில் இழுத்துக் கட்டையை முறுக்குகிறது. புயலில் இன்னொரு கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வரும். மூன்றுக்கு ஐந்து அடி அடைப்புக் கதவு 1.4 சதுர மீட்டர், ஆக மொத்தம் 210 கிலோ. அதில் பாதி கீல் பக்கத்துக் கட்டைக்கு. சந்துக்குள் காற்று புகுந்தால் எப்படி ஊளையிடும் என்று அந்தத் தெருக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடித்த கதவாக இருந்தால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும், அதையும் யோசியுங்கள்.

அடுத்து ஒரு முக்கியமான முடிவு. கட்டையின் எடையும் கதவின் எடையும் போல்ட்டில் தொங்கக் கூடாது. கட்டையின் அடி ஒரு கருங்கல் துண்டின் மேலோ சிறு கான்கிரீட் மேடையின் மேலோ உட்கார வேண்டும். சுவருக்கு அது சாயாமல் பிடிக்கும் வேலை மட்டும் இருந்தால் போதும். இப்போது உங்கள் கட்டை தரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறதா, மண்ணுக்குள் போகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டுமே வேண்டாம். மண்ணுக்குள் போனால் கரையான் வரும். கட்டையின் அடியைச் சிமெண்ட்டில் புதைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே அடி இற்றுவிடும். மேடை தரையிலிருந்து இரண்டு இன்ச் உயரட்டும், கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் தடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கட்டும். கட்டையின் வெட்டுமுகம்தான் தண்ணீரைக் குடிக்கும் இடம். அங்கே ப்ரைமரோ தாரோ இரண்டு கை பூசுங்கள். கடலோரங்களில் படகு மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் பழக்கம் உண்டு, கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

மரம் எது என்பதில் ரொம்ப அலைய வேண்டாம். வேங்கை, பிள்ளமருது, நன்கு முதிர்ந்த வேம்பு எதுவானாலும் சரி, காய்ந்ததாக இருக்க வேண்டும். பழைய வீடு இடித்த நிலைக்கால் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். சவுக்குக் கம்பு மட்டும் வேண்டாம், அது பந்தலுக்கு.

இனி பிடிமானம். உங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது இன்ச்சோ பதினாலு இன்ச்சோ இருக்கும் என்று நினைக்கிறேன், ஜன்னல் ஓரத்தில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒன்பதுக்குக் குறையாவிட்டால் நான் சொல்வது கெமிக்கல் ஆங்கர். ஓட்டைக்குள் பசையை நிரப்பி அதில் திரெட் ராடை, அதாவது நீளம் முழுக்க மரை வெட்டிய ராடைச் செருகுவது. விரிந்து பிடிக்கும் ஃபாஸ்ட்னர் செங்கலை உள்ளிருந்து நெம்புகிறது, மென்மையான நாட்டுச் செங்கல் அதிலேயே விரிசல் விடும். பசை நெம்பாது, செங்கலின் பொரபொரப்பில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் பசை, ராடு, வாஷர் எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ராடு வாங்கும்போது ஒரு வார்த்தை. கடையில் பளபளவென்று வெள்ளையாக இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராயபுரத்தில் அது இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிது. துரு பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் செங்கலைப் பிளக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உப்புக் காற்றுக்கு நல்லது. விலை அதிகம் என்றால் 304, அதுவும் முடியாவிட்டால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் ரகம். நட்டும் வாஷரும் அதே உலோகத்தில் இருக்கட்டும்.

ராடு 12 எம்.எம்., ஒரு மீட்டர் நீளத்தில் வரும். ஐந்தாக வெட்டினால் துண்டுக்கு 200 எம்.எம். அந்த நீளம் ஏன் என்றால், கட்டையின் கனம் 75, கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளி 12, பூச்சு 20, செங்கலுக்குள் 100. இதோடு நட்டுக்கு 15 சேர்த்து, நட்டு உள்ளே அமிழக் கட்டையில் குடையும் 20-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 200. பூச்சின் கனத்தைப் பிடிமானக் கணக்கில் சேர்க்கவே கூடாது, பூச்சுக்கு எந்தப் பலமும் இல்லை. வெட்டும் இடத்துக்கு உள்பக்கம் ஒரு நட்டைப் போட்டுவிட்டு ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். அறுத்தபிறகு அந்த நட்டைக் கழற்றினால் மரை தானே சரியாகிவிடும்.

ஓட்டை எங்கே என்பதைச் சுவர்தான் சொல்ல வேண்டும். பல பேர் கட்டையில் முதலில் ஓட்டை போட்டுவிட்டு அதைச் சுவரில் வைத்துக் குறிக்கிறார்கள், ஓட்டை போய்ச் சுண்ணாம்பு மூட்டில் விழுகிறது. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். கட்டை நிற்கும் கோட்டைத் தூக்குக் குண்டு விட்டுக் குறித்து, நாலு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்து, செங்கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு செங்கலின் நடுவிலும் ஒரு குறி. மேல் கீலுக்குச் சற்று மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று, கீழ் கீல் அருகில் ஒன்று, நடுவில் ஒன்று. நாலும் ஒரே நேர்கோட்டில் வேண்டாம். ஒன்று இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று ஒரு இன்ச் தள்ளி வந்தால் கட்டையின் ரேகை வழியே பிளவு ஓடாது, முறுக்கையும் தாங்கும். சந்தின் முகப்பில் சுவர் முடியும் ஓரத்திலிருந்து ஒரு முழுச் செங்கல் நீளம், அதாவது ஒன்பது இன்ச்சாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, செங்கல் செதில் செதிலாக உதிர்ந்தால் கீழ்க்குறியை அதற்கு மேலே கொண்டு போங்கள். கீழ் கீல் தள்ளத்தான் செய்யும் என்பதால் அங்கே பிடி கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. அந்தப் பகுதியில் வயர் பைப்போ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். ஹாமர் அதிர்ச்சி பழைய செங்கலை உள்ளே நொறுக்கும், பக்கத்து மூட்டுகளையும் அசைத்துவிடும். 12 எம்.எம். ராடுக்கு 14 எம்.எம். பிட். பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கொட்டும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்துகொண்டே இருந்தால் செங்கலுக்குள் இருக்கிறீர்கள். திடீரென வெள்ளையாகி, பிட் சரேலென்று உள்ளே போனால் மூட்டிலோ ஒரு பொந்திலோ விழுந்துவிட்டது என்று பொருள். அந்த ஓட்டையை விட்டுவிட்டு அடுத்த செங்கலுக்குப் போங்கள்.

ஓட்டையைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலைகள் கெட்டுப் போகின்றன. தூளின் மேல் பசை போட்டால் பசை தூளைத்தான் பிடிக்கும், செங்கலைப் பிடிக்காது. கைப்பம்பால் ஊதி, உருண்டை பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி, இப்படி மூன்று நாலு தடவை, தூள் வருவது நிற்கும்வரை. வாயால் ஊதாதீர்கள், எல்லாம் கண்ணுக்குள் வரும், கண்ணாடி அவசியம். பிறகு பசைக் குழாயின் முதல் சில அமுக்கலை ஒரு பேப்பரில் விட்டுவிடுங்கள், குழாய்க்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பசையின் நிறமும் கலந்து ஒரே நிறமாக வந்த பிறகே ஓட்டைக்கு. அடியிலிருந்து தொடங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, ராடை மெதுவாகத் திருகியபடி செருகுங்கள். வாயில் பசை கொஞ்சம் பிதுங்கி வந்தால் சரியாக நிரம்பியிருக்கிறது. நம் வெயிலில் பசை சில நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும், ஆகையால் காலையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ராடுகள் எல்லாம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றில் முன்கூட்டியே ஓட்டை போட்டு வைத்து, அதை மாட்டிவிட்டால் இறுகும்வரை விலகாது. குழாயில் அச்சிட்ட நேரம் முடியும்வரை ராடைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் பெயர்த்த பூச்சைச் சிமெண்ட் கலவையால் அடைத்துக் காயவிட்டு, அதே பிளைவுட்டை வைத்துக் கட்டையில் ஓட்டைகளைக் குறித்துப் போட்டு, ராடுகளின் மேல் மாட்டுங்கள். ஒவ்வொரு ராடிலும் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே நாலு நூல், அதாவது 12 எம்.எம். கனத்துக்கு வாஷர்களை அடுக்குங்கள். அந்த இடைவெளி வழியே மழைத்தண்ணீர் வழிந்தோடும், காற்றும் போகும். சுவரோடு ஒட்டி நிற்கும் மரம் முதுகுப் பக்கம்தான் முதலில் இறும். முன்பக்கம் அகலமான வாஷர் போட்டு நட்டை முறுக்குங்கள். வாஷர் மரத்தில் லேசாகப் பதிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பசைக்குச் செலவு செய்ய மனமில்லை, அல்லது சோதித்துப் பார்த்ததில் செங்கல் ரொம்பவே மென்மையாக இருக்கிறது என்றால், நம் ஆசாரிகள் கதவு நிலைக்குச் செய்யும் வழி இருக்கிறது. ஹோல்டுபாஸ்ட். பட்டை இரும்பை வளைத்து, ஒரு முனையைக் கட்டையின் முதுகில் முறுக்கி, மீன்வால் மாதிரி பிளந்த மறுமுனையைச் சுவரில் அரைச் செங்கல் அளவு குடைந்த குழியில் வைத்து, குழியை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சின்ன ஜல்லி என்ற 1:2:4 கலவையால் அடைப்பது. குழி வாயைவிட உள்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அதுவரை கதவு மாட்டாமல் பொறுத்தால் நாற்பது வருடத்துக்கும் கவலையில்லை. இழுப்பு ஒரு செங்கலில் விழாமல் நாலைந்து செங்கலுக்குப் பரவுவதால் சுண்ணாம்புச் சுவருக்கு இது மிகவும் பொருந்தும். கையில் நல்ல கொத்தனார் இருந்தால் என் வீட்டுக்கு நான் இதைத்தான் செய்வேன்.

சுவர் நாலரை இன்ச்தான் என்று தெரிந்தால் மேலே சொன்ன இரண்டும் உதவாது. ராடை மறுபக்கம்வரை கொண்டு போய், அங்கே ஆறு இன்ச் சதுர இரும்புத் தகடு வைத்து நட்டு போட வேண்டும். உங்கள் விஷயத்தில் மறுபக்கம் உங்கள் அறைதான், கொஞ்சம் பார்வைக்கு உறுத்தும், ஆனால் அதைவிட உறுதியானது கிடையாது.

தாழ்ப்பாள் பக்கத்துக் கட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது நிற்பது பக்கத்து வீட்டுச் சுவர். அவர்களிடம் கேட்காமல் அங்கே ஓட்டை போடாதீர்கள். அந்தப் பக்கம் கதவின் எடை வராது என்பதால், வேலிக்கு நடும் கல்தூண் ஒன்றை இரண்டடி ஆழத்தில் நட்டுவிட்டால் போதும், யார் சுவரையும் தொட வேண்டியதில்லை.

பழைய ஸ்க்ரூ ஓட்டைகளில் மரத்தக்கையை நோண்டி எடுத்து, நனைத்து, சிமெண்ட் கூழால் அடைத்துவிடுங்கள். புது ஓட்டை எதுவும் அந்தச் செங்கல்களில் வர வேண்டாம். பொங்கல் தாண்டியதும் ஒரு முறை, கத்திரி வெயிலில் ஒரு முறை ஸ்பேனரை வைத்து நட்டுகளைப் பாருங்கள். கால் சுற்று போனால் சரி. முழுச் சுற்று போனால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதமும் பார்க்க வேண்டும். நட்டோடு சேர்ந்து ராடே சுற்றினால் அந்த ஒரு ஓட்டையில் பசை பிடிக்கவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு, மேலே அடுத்த செங்கலில் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.